எறும்பும் பயற்றங்கொடியும்

சென்ற மாரி முடிவிலே எங்கள் பாடசாலைத் தோட்டத்துப் பயற்றங்கொடிகளின் தளிர்கள் சுருளத் தொடங்கின. தண்டெங்கும் எறும்புகள் சாரிசாரியாக ஏறிக்கொண்டிருந்தன. எறும்பே குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, புற்றுகளிலே கொதிநீரை ஊற்றுவித்தேன். தளிர் சுருளுவது நிற்கவில்லை. வேர் வெந்து நான்கு கொடிகள் பட்டுப்போனமையே கண்ட பலன்.

மாணவி ஒருத்தி இலையைத் திருப்பிக் காட்டினாள். அடிப்புறத்திலே கரிய அழுக்கணவன் கூட்டம் அப்பிக்கிடந்தது. சாற்றை உறிஞ்சுவது அதுவே. அது கழிக்கும் இனிய நீரை நாடியே எறும்பு ஏறுகின்றது. இடையன் ஆட்டைக் காப்பதுபோல அதனைக் காத்து, அதைத் தின்ன வரும் புள்ளிவண்டுகளைத் துரத்தியும் விடுகின்றது.

காலையில் இலையின் அடிப்புறத்தில் நீரை விசையாக அடித்தால் அழுக்கணவனிற் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். எஞ்சியதற்கு இலேசான சவர்க்கார நீர் போதும். ஆனால் சில நாட்களுக்கொருமுறை தெளிக்கவேண்டும். மிகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி எரித்துவிடலாம். இனிய நீர் அற்றதும் எங்கள் கொடிகளிலிருந்து எறும்பு தானே இறங்கிவிட்டது.

கீரை விதைக்கும் நாளிலோ எறும்பு மெய்யாகவே கள்வன்தான். அன்று பாத்தியோரத்தில் ஒரு பிடி குருணலைத் தூவிவிடுகிறோம். அதனை இழுத்துச் செல்வதிலே அதன் பொழுது கழிந்துவிடும்.

எலுமிச்சை மரத்து முசுறுக் கூட்டை நாம் கலைப்பதில்லை. புழுக்களை அது வேட்டையாடுகின்றது. கி. பி. 304இல் எழுதப்பட்டதெனக் கருதப்படும் சீன நூலொன்று, தோடை மரங்களைக் காக்க இத்தகைய எறும்புக் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதைக் கூறுகின்றது. எங்கள் முசுறு விலையின்றியே வந்தது. காய் பறிக்கும்போது வாங்கும் கடிதான் அதற்கு நாம் கொடுக்கும் கூலி.