அப்பூச்சி காட்டும் குழந்தை

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த பெரியாழ்வார், கண்ணனைத் தம் குழந்தையாகவே பாவித்துச் சப்பாணி கொட்டச் சொல்லியும், புறம்புல்க, அதாவது முதுகுப்புறமாக வந்து கட்டிக்கொள்ள, அழைத்தும் தமது திருமொழியில் பொழிந்திருக்கும் வாத்ஸல்யத்தை நேயர்கள் அறிவார்கள். அதில் அப்பூச்சி காட்டும், அதாவது பூச்சாண்டி காட்டும், பதிகம் விசேஷமானது: அங்கே பயமுறுத்துகிறவன் குழந்தை, அஞ்சி அலறுகிறவர்களோ பெரியவர்கள்.

இக்காலத்தில், பக்கத்து ராஜபாளையத்தில் நூற்பாலை ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் ஒரு தகப்பனார், மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டை விளையாடும் மகளருகே அமர்ந்து, சதுரக் கட்டிகளை அடுக்கும் விதத்தை அவளிடமே கேட்டறிந்து, திரையில் இருட்டியதும் பிணப்பேய்கள் துரத்த, "அப்பா, சீக்கிரம் கதவைச் சாத்துங்க!" என்று அவள் பதற, அவள் கட்டிய வீட்டுக்குள்ளேயே ஓடி ஒளிவாரானால், அதுவும் அந்த வாத்ஸல்யத்தைச் சேர்ந்ததே என்பது என் திடமான அபிப்பிராயம். விளையாடத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். குழந்தை பரம உற்சாகத்தோடு கற்றுக்கொடுக்கும். அந்த அரைமணி நேரத்தில் பரீட்சை மதிப்பெண்ணை மட்டும் தயவுசெய்து விசாரிக்காதீர்கள்.