கைக்கு ஒரு வேலை, அதற்காகக் காத்திருக்க ஒருவர்
பணி ஓய்வுக்காலத்தில் பின்னல், ஊறுகாய், சின்னச் சின்ன இன்பங்கள்: மூத்தோருக்கான உரை

இந்த உரையைக் கையேட்டில் படிப்பவர்களும் எதிரே உட்கார்ந்து கேட்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. சுகாதாரக் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. உப்பைக் குறையுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள் என்று எழுதிப் பழகியவர்களில் நானும் ஒருத்தி. அதனால் மூத்தோரிடமிருந்து எனக்கு அடிக்கடி ஒரு கேள்வி வரும்: "எல்லாத்தையும் குறை குறைன்னு சொல்றியேம்மா, அப்புறம் எங்களுக்கு என்னதான் மிச்சம்?"

நியாயமான கேள்விதான். இன்று அந்த மிச்சத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

வேலை நின்ற பிறகு

சிங்கப்பூரில் 65 வயதை எட்டும் ஒருவர் சராசரியாக இன்னும் 20 ஆண்டுகள் போல வாழ்வார். பலர் ஒரே நிறுவனத்தில் வேலை செய்த காலத்துக்குச் சமம் அது. வேலைக்குப் போன நாளில் ஐந்தரை மணிக்கு அலாரம் அடித்தது, பேருந்து காத்திருந்தது, நீங்கள் வராவிட்டால் "ஏன் வரலை?" என்று கேட்க ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு முதல் மாதம் விடுமுறைபோல இருக்கும். மூன்றாவது மாதத்தில் செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். பிள்ளைகள் வேலைக்கும், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, வீட்டில் தொலைக்காட்சி மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

தனிமை உடம்பையும் பாதிக்கும். தூக்கம் கெடும், பசி குறையும், மருந்து சாப்பிட மறந்துபோகும். அதனால்தான் கைவேலையைப் பற்றி ஒரு சுகாதாரக் கையேட்டில் பேசுகிறோம்.

ஒரு பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இது என் கைக்கு வேலை கொடுக்கிறதா? நான் செய்து முடிப்பதை வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்கிறாரா? இரண்டுக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தால், அந்தப் பொழுதுபோக்கு நெடுநாள் நிலைக்கும்.

பின்னல்: குளிருக்காக மட்டும் இல்லை

"இந்த வெயிலில் கம்பளிச் சட்டை யாரம்மா போடுவார்?" என்று கேட்பீர்கள். சட்டை வேண்டாம். பருத்தி நூலில் பாத்திரம் துடைக்கும் துணி, தண்ணீர்ப் புட்டிக்கு உறை, கைத்தொலைபேசிக்குத் தோள்பை, தீபாவளிக்கு வாசல் தோரணம் பின்னலாம். மல்லிகைச் சரம் கட்டிப் பழகிய விரல்களுக்கு, ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே விரைவில் பிடிபடும்.

ஐயாமார்களே, இது பெண்களின் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பின்னல் தொழிலாளர் சங்கங்களில் ஆண்கள்தான் உறுப்பினர்களாக இருந்தார்கள். கயிறு முறுக்கியும் கம்பி இணைத்தும் உழைத்த கைகளுக்கு நூல் ஒன்றும் அந்நியமில்லை.

2013இல் வெளியான ஓர் அனைத்துலக ஆய்வில், பின்னும் பழக்கமுள்ள 3,500க்கும் மேற்பட்டோரிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. அடிக்கடி பின்னுபவர்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகச் சொன்னார்கள். பின்னினால் நோய் குணமாகும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து, கண்ணிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது, மனம் கவலையைச் சுற்றி ஓடுவது குறைகிறது. ஜெபமாலை உருட்டுபவர்களுக்கும் கோலம் போடுபவர்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான்.

முதல் முயற்சிக்கு இது போதும்:

• வெளிர் நிறத்தில், சற்றுத் தடித்த பருத்தி நூல் ஓர் உருண்டை. கறுப்பு, கருநீல நூலில் கண்ணி சரியாகத் தெரியாது.
• 5 மில்லிமீட்டர் மூங்கில் ஊசி ஒரு சோடி. உலோக ஊசியைவிட மூங்கிலில் நூல் குறைவாக வழுக்கும். கைக்கும் இலேசாக இருக்கும்.
• ஊசியில் 36 கண்ணிகள் ஏற்றி, ஒவ்வொரு வரிசையையும் ஒரே மாதிரி பின்னுங்கள். சதுரமாக வந்ததும் முடித்துவிடுங்கள். அதுதான் உங்கள் முதல் துடைக்கும் துணி.

சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் நூல் கிடைக்கும். ஒரேயடியாகப் பத்து உருண்டை வாங்க வேண்டாம். முதல் துணி முடியட்டும்.

முதுகைத் தாங்கும் நாற்காலியில், பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து, எழுந்து நான்கு அடி நடந்து, சன்னல் வழியாகத் தூரத்தில் பாருங்கள். விரல் மூட்டு வலித்தால் அன்று அதோடு நிறுத்துங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நூல் உருண்டையைத் தரையில் விடாமல் ஒரு கூடையில் போட்டு வையுங்கள்; காலில் சிக்கினால் விழுந்துவிடுவீர்கள்.

ஊறுகாய்: விட வேண்டாம், அளந்து சாப்பிடுங்கள்

இனி, எல்லாரும் காத்திருக்கும் ஊறுகாய்க்கு வருவோம். இரத்த அழுத்தம் இருக்கிறது என்று தெரிந்த அன்றே பல வீடுகளில் ஊறுகாய் ஜாடி மறைந்துவிடுகிறது. சாப்பிடும் இன்பத்தோடு, செய்யும் இன்பமும் அதோடு போய்விடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. குழம்பு, ரசம், வெளிக்கடை மீ கோரெங், சோயா சாஸ் எல்லாவற்றிலும் உள்ள உப்பு இதற்குள் அடங்க வேண்டும். வழக்கமான முறையில் ஒரு கிலோ காய்க்கு 100 கிராம் உப்பு போட்டால், ஒரு தேக்கரண்டி ஊறுகாயில் சுமார் அரை கிராம் உப்பு வரும். நாளைய அளவில் பத்தில் ஒரு பங்கு. ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி என்றால் சமாளிக்கலாம். மூன்று வேளையும் இரண்டிரண்டு கரண்டி என்றால், பாதிக்கு மேல் ஊறுகாயிலேயே தீர்ந்துவிடும்.

உப்பைக் குறைத்தும் எலுமிச்சை ஊறுகாய் போடலாம்:

1. அரை கிலோ எலுமிச்சையைக் கழுவி, பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஈரம் போகத் துடைத்து ஆறவிடுங்கள். தோல் மிருதுவாகிவிடும்.
2. எட்டு துண்டாக நறுக்கி, 30 கிராம் உப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூளும் சேர்த்துக் கண்ணாடி ஜாடியில் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்கி, ஒரு வாரம் ஊறவிடுங்கள்.
3. மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, அடுப்பை அணைத்து, எண்ணெய் ஆறியதும் ஒன்றரை மேசைக்கரண்டி மிளகாய்த் தூள், அரைத் தேக்கரண்டி வறுத்த வெந்தயப் பொடி சேர்த்து ஊறிய துண்டுகளோடு கலந்துவிடுங்கள்.

நம் அம்மாக்கள் ஊரில் போட்ட ஊறுகாய் அலமாரியில் ஓராண்டு நின்றது. அதற்குக் காரணம் அதிக உப்பும் நல்ல வெயிலும். இங்கே காற்றில் ஈரப்பதம் அதிகம், நாமும் உப்பைக் குறைத்திருக்கிறோம். அதனால் இந்த ஊறுகாய் எப்போதும் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். ஈரமில்லாத கரண்டியால் எடுத்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பெரிய ஜாடியாகப் போடாமல் சின்னச் சின்னதாக அடிக்கடி போட்டால், கைக்கும் அடிக்கடி வேலை இருக்கும்.

சில எச்சரிக்கைகள்:

• பூசணம் பிடித்தால், மேலே வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடாதீர்கள். முழுவதையும் கொட்டிவிடுங்கள்.
• பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைக்காதீர்கள். நிறத்திலும் வாசனையிலும் தெரியாத கொடிய நச்சு அதில் உருவாகலாம்.
• பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தும் முன், சிறுநீரக நோய் உள்ளவர்களும் இரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேளுங்கள்.
• எறும்பு வராமலிருக்க ஜாடியைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஏடிஸ் கொசு வளர அந்தத் தண்ணீர் போதும். தினமும் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்; குளிர்சாதனப் பெட்டி இருக்கும்போது தட்டே வேண்டாம்.
• வெயில் வரும் நாளில் வத்தல் காயவைத்தால், வீட்டு வாசலில் உள்ள பொது நடைபாதையை அடைக்காதீர்கள்.

அக்கம்பக்கத்து மலாய், பெரானாக்கான் வீடுகளில் வெள்ளரி, கேரட், அன்னாசி சேர்த்து, புளிக்காடியில் அச்சார் போடுவார்கள். அதில் புளிப்பு ருசி தூக்கலாக இருப்பதால் உப்பைக் குறைத்தாலும் நாக்கு ஏமாறாது. சர்க்கரை சேரும் என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அதையும் அளவோடு சாப்பிடுங்கள். உங்கள் எலுமிச்சை ஊறுகாய் ஒரு சின்னப் புட்டியில் அந்த வீட்டுக்குப் போகட்டும், அவர்கள் அச்சார் இங்கே வரட்டும். போட்ட தேதியையும், கடலை, எள் போன்றவை சேர்ந்திருந்தால் அதையும் புட்டியில் எழுதி ஒட்டுங்கள். காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுக்க வருபவர் பத்து நிமிடமாவது நின்று பேசிவிட்டுப் போவார். உங்கள் ஊறுகாய்க்குக் கிடைக்கும் கூலி அதுதான்.

காசு கேட்காத இன்பங்கள்

பின்னலும் ஊறுகாயும் எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். காலையில் தேக்கா சந்தைக்கு நடந்து போய், நான்கு வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குவதும் ஓர் இன்பம்தான். கோப்பிக்கடையில் பழைய நண்பரோடு உட்கார்ந்து "கோப்பி ஓ கோசோங்" குடிக்கலாம். சர்க்கரையே இல்லாமல் முடியாது என்றால் "சியூ தாய்" என்று கேளுங்கள், குறைத்துப் போடுவார்கள். மாலையில் ஒலி 96.8 கேட்டுக்கொண்டே கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் விடலாம். நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் எடுத்துவந்து, கண் சரியாகத் தெரியாத தோழிக்கு ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டலாம்.

எதைச் செய்தாலும் வாரத்தில் ஒரு நாளை அதற்கென்று வையுங்கள். "புதன்கிழமை நான் நூல் எடுத்துக்கொண்டு கீழே வருவேன்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், புதன்கிழமைக்கு மறுபடியும் ஓர் அடையாளம் வந்துவிடும். ஒரு வாரம் நீங்கள் வராவிட்டால் வந்து கதவைத் தட்ட ஒருவர் இருப்பார்.

தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால், வீட்டுக்கு அருகிலுள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்காக நடத்தப்படும் இடம் அது. பின்னல் வகுப்பு இல்லையென்றால், "நான் சொல்லித் தருகிறேன், இடம் கொடுங்கள்" என்று கேளுங்கள். எந்த நிலையம் அருகில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணில் அழையுங்கள்.

கை ஓயும்போது கவனியுங்கள்

கடைசியாக ஒன்று. பிடித்த வேலையைத் திடீரென்று கைவிடுவது சில நேரம் உடம்பும் மனமும் கொடுக்கும் அறிகுறி.

எப்போதும் பின்னியவர் இரண்டு வாரத்துக்கு மேல் ஊசியைத் தொடவில்லை, எதிலும் விருப்பமில்லை, தூக்கமும் சாப்பாடும் குறைந்துவிட்டது என்றால், அதை "வயசாயிடுச்சு" என்று ஒதுக்காதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ சொல்லுங்கள். யாரிடமாவது உடனே பேச வேண்டும்போல இருந்தால், 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.

பின்னிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு கை தளர்ந்து ஊசி நழுவினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, "கொஞ்சம் படுத்தால் சரியாகும்" என்று காத்திருக்காதீர்கள். உடனே 995ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். ஓர் உருண்டை நூலோ, அரை கிலோ எலுமிச்சையோ வாங்குங்கள். வாங்கும்போதே, இது யாருக்கு என்று ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்லியும் விடுங்கள். அவரும் ஆவலாகக் காத்திருக்கட்டும்.