நுரை வராத குளிர்க் கோப்பி



கச்சான் காற்று வீசும் மாதங்களில் சம்மாந்துறையின் நண்பகல் வெப்பம் எத்தகையது என்பதை அவ்வூரவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்த வெயிலிலும் வயலிலிருந்து திரும்புவோர் தேநீர்க் கடையில் கூடுகின்றனர். கடைக்காரர் ஒரு குவளையை உயர்த்தி, மற்றொன்றைத் தாழ்த்தித் தேநீரை ஆற்றுகிறார். மேலே நுரை பொங்குகிறது. அந்நுரையின் குமிழிகளுக்குள் இருப்பது காற்று. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். ஆகவே, நைதரசன் நுரை என்பது பெயரளவில்தான் நமக்குப் புதியது.

ஆற்றிய தேநீரின் நுரை சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அதன் குமிழிகள் பெரியவை. மிக நுண்ணிய குமிழிகளை உண்டாக்கி, பாலேடு போன்ற நுரையை நிலைக்கச் செய்யும் முறையொன்று 2010களில் அமெரிக்கக் கோப்பிக் கடைகளிற் பரவியது. சுடுநீரின்றி, கோப்பித்தூளைக் குளிர்நீரில் நெடுநேரம் ஊறவைத்து வடித்த சாற்றிலே நைதரசனை அமுக்கத்துடன் கரைப்பதே அம்முறை. 2016இல் பெருநிறுவனங்களும் அதனை விற்கத் தொடங்கின. இப்போது பலர் அவ்வமைப்பை வீட்டிலேயே நிறுவுகின்றனர். நிறுவிய பின்னர், “நுரை வரவில்லையே!” என்று கவலைப்படுகின்றனர். அக்குறையின் காரணங்களை இன்று ஆராய்வோம். கண்ணுக்குப் புலப்படாத பெருங்குறையொன்றும் உண்டு. அதனையும் இறுதியிற் காண்போம்.

அமைப்பு எளியது. குளிர்பானச் சாறு கொண்டுசெல்வதற்கென்று செய்யப்பட்ட, ஏறத்தாழ 19 லீற்றர் கொள்ளும் துருப்பிடிக்காத உருக்குக் கலம் ஒன்று. இதனைக் கெக் என்பர். பழைய கலத்தை வாங்குவோர், அதில் முன்னர் என்ன பானம் இருந்தது என்று விசாரித்து வாங்குதல் நன்று. அடுத்து ஒரு நைதரசன் சிலிண்டர். அதன் பேரமுக்கத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர். இறுதியாக, நுண்துளைகள் கொண்ட தட்டொன்றை வாயினுள் உடைய குழாய்.

இனி, நைதரசனின் இயல்பை நோக்குவோம். நீரிலே கரைய அது பெரிதும் தயங்கும். சோடாவில் உள்ள காபனீரொட்சைட்டு அதனிலும் ஐம்பது மடங்குக்கு மேலாகக் கரையக்கூடியது. ஒரு வாயு எவ்வளவு அமுக்கத்துடன் திரவத்தின் மேல் நிற்கிறதோ, அதற்கேற்ற அளவே கரையும் என்று 1803இல் வில்லியம் ஹென்றி என்ற ஆங்கில அறிஞர் காட்டினார். வெப்பம் ஏறினாலோ கரைதிறன் குறையும். 0 பாகை செல்சியசில் கரையும் நைதரசனில் பாதிக்குச் சற்று மேற்பட்ட அளவே 30 பாகையிற் கரையும். ஆகவே நுரைக்கு வேண்டியவை நான்கு: குளிர்ச்சி, அமுக்கம், காலம், நுண்துளை. குறை நேர்ந்தால் இவ்வரிசையிலேயே தேடுதல் வேண்டும்.

முதலாவது குளிர்ச்சி. கோப்பி 2 முதல் 4 பாகை வரையில் இருக்க வேண்டும். கலத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்து முடிவுசெய்யலாகாது. வார்த்த கோப்பியில் வெப்பமானியை இட்டுப் பார்க்க வேண்டும். முதற் குவளை நுரையின்றி வந்து, இரண்டாவது நன்றாக வந்தால், குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே இருக்கும் குழாய்ப்பகுதி சூடேறியிருக்கிறது என்று அறியலாம். குழாயைக் குறுக்கிப் பெட்டிக்குள் அடக்குவதே அதற்குப் பரிகாரம்.

இரண்டாவது அமுக்கம். சதுர அங்குலத்துக்கு 35 முதல் 45 இறாத்தல் வரை பொதுவாகப் போதும். தொடக்கத்தில் நன்றாக இருந்த நுரை நாளுக்கு நாள் மெலிந்தால், வாயு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சவர்க்கார நுரையை ஒவ்வொரு பொருத்திலும் பூசினால், கசியும் இடத்திலே குமிழி எழும். பெரும்பாலும் மூடியின் ரப்பர் வளையமே குற்றவாளியாகும். நைதரசன் சிலிண்டருக்குள் திரவம் இல்லை. ஆதலால் வாயு செலவாகுந்தோறும் அதன் மானி படிப்படியாக இறங்கும். கோப்பி வார்க்காத இரவிலும் மானி இறங்குமாயின், கசிவு உண்டென்றே கொள்ளலாம்.

மூன்றாவது காலம். கலத்தின் மேற்பரப்பினூடாக மட்டும் வாயு உட்புகுமாயின், அதற்கு நாட்கள் செல்லும். நுண்துளைக் கல் ஒன்றைக் குழலின் நுனியிற் பொருத்தி, கோப்பியின் அடியிலிருந்து வாயுவைச் செலுத்தினால் விரைவிற் கரையும். கல் இல்லாதோர் கலத்தை அமுக்கத்துடன் இணைத்தபடியே சில நிமிடங்கள் குலுக்கி, ஒரு நாள் குளிரில் வைத்திருக்கலாம். கலத்தை விளிம்புவரை நிரப்பாது, மேலே சிறிது வெற்றிடம் விடுதலும் அவசியம்.

நான்காவது நுண்துளை. அமுக்கப்பட்ட கோப்பி துளைத்தட்டின் வழியே நெருக்குண்டு வெளிப்படும்போதுதான் கரைந்த வாயு நுண்குமிழிகளாகப் பிரிகிறது. தட்டு இல்லாவிடின் கோப்பி சீறிப் பாயுமேயன்றி நுரைக்காது. கோப்பி நூலிழைபோல் வடிந்தால், வண்டல் துளைகளை அடைத்திருக்கிறது என்பது பொருள். குழாயைக் கழற்றிக் கழுவுக. அடுத்த முறை தூளைக் கொரகொரப்பாக அரைத்து, துணியாலும் பின்னர் வடிதாளாலுமாக இருமுறை வடிக்குக.

சிலருக்கு நுரை வரும். ஆனால் சோடாவைப்போல் நாவிற் சுள்ளென்று புளிக்கும். காபனீரொட்சைட்டோ, அது கலந்த வாயுவோ பயன்பட்டமையே காரணம். இங்கு ஓர் எச்சரிக்கை. காபனீரொட்சைட்டுக்குரிய ரெகுலேட்டரை ஏதோ ஓர் இணைப்பைக் கொண்டு நைதரசன் சிலிண்டரிற் பூட்டுதல் ஆபத்தானது. நைதரசன் சிலிண்டரின் அமுக்கம் 150 வளிமண்டலத்தையும் எட்டும். மற்றையது அதிற் பாதியளவே.

சுவை பழுதடைவதற்கு எஞ்சிய ஒட்சிசனும் காரணமாகலாம். கலத்தை மூடியபின் 45 இறாத்தல் வரை நைதரசனை ஏற்றி, மூடியின் வால்வைத் திறந்து வெளியேற்றுக. ஒவ்வொரு முறையும் பழைய காற்றில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே எஞ்சும். மும்முறை செய்தால் 64இல் ஒரு பங்கு மட்டுமே எஞ்சும்.

நேயர்களே, இப்போது அந்தக் கண்ணுக்குப் புலப்படாத குறைக்கு வருவோம். நைதரசன் கோப்பியின் மணத்தைக் காக்கும், கிருமியைக் கொல்லாது. குளிர்க் கோப்பியின் அமிலத்தன்மை குறைவு. அதன் பீஎச் அளவு பெரும்பாலும் 4.6க்கு மேற்பட்டது. ஒட்சிசன் அகன்ற, அமிலம் குறைந்த, குளிர்ச்சி இழந்த கலம், பொட்டுலினம் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர்வதற்கு ஏற்ற இடமாகும். இந்த ஐயத்தினாலேயே 2024இல் அமெரிக்காவில் டப்பாக்களில் அடைத்த கோப்பி வகைகள் பல திரும்பப் பெறப்பட்டன. அந்நஞ்சை மணத்தாலோ சுவையாலோ கண்டுகொள்ளலாம் என்று நம்பலாகாது. ஆதலால் கோப்பியை ஊறவைப்பதும் குளிர்சாதனப் பெட்டியிலேயே நிகழட்டும். கலத்தில் பாலோ சீனியோ சேர்க்கலாகாது. ஒரு வாரத்துக்குள் குடித்து முடிக்குக. 2022இல் நம் நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை மறந்துவிடோம். அவ்வாறு மின்சாரம் நெடுநேரம் நின்று கோப்பி சூடேறிவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கோப்பியாயினும் கொட்டிவிடுவதே முறை.

சிலிண்டரைப் பற்றியும் ஒரு சொல். உணவுக்குரிய தரமான நைதரசனையே கேட்டு வாங்க வேண்டும். பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 7 கன மீற்றர் வாயு அடங்கும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் பத்தடியான அறையின் காற்றில் அது நாலில் ஒரு பங்காகும். அவ்வளவும் மூடிய அறையிற் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. நைதரசனுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூச்சுத் திணறும் உணர்வும் முன்கூட்டி எழாது. எனவே காற்றோட்டமுள்ள இடத்தில், சுவரோடு சங்கிலியாற் பிணைத்து, நிமிர்த்தி வைத்தல் வேண்டும். படுக்கையறை அதற்குரிய இடமன்று.

இவற்றின் காரணங்களை விரிவாக அறிய விரும்பும் சம்மாந்துறை மாணவர்கள் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அவர்களுடைய ஊரிலேயே இருக்கிறது. வாயுவின் கரைதிறன் என்று பாடநூலிற் படிப்பதை ஒரு குவளைக் கோப்பியிற் கண்ணாரக் காணலாம்.

நுரை வராத கோப்பியைக் குடித்தால் நட்டம் எதுவுமில்லை. அதுவும் நல்ல கோப்பியே. குளிர் தவறிய கோப்பி, நுரை எவ்வளவு அழகாகப் பொங்கினும், விருந்தினர் முன் வைக்கத் தக்கதன்று. வெப்பமானியை முதலிற் பாருங்கள்; நுரையைப் பின்னர் பாருங்கள்.