ஆராயக் கற்பிக்கும் கல்வி

கல்லூரியிற் கேட்ட பாடங்களுட் பெரும்பாலானவற்றைப் பட்டம் பெற்ற சில ஆண்டுகளிலேயே நாம் மறந்துவிடுகிறோம். மறந்தவை போக எஞ்சுவது யாது? ஆராய்ந்து முடிவு செய்யும் பழக்கம் எஞ்சுமாயின், அப்படிப்பு வீண்போகவில்லை எனலாம்.

இதற்குச் சான்று மாதுங்காவுக்கு அண்மையிலேயே உண்டு. தாதர் இந்து காலனியிலுள்ள ‘ராஜகிருகம்’ என்னும் இல்லத்தை, தம் நூல்களுக்கும் இடம் வேண்டி டாக்டர் அம்பேத்கர் கட்டினார். எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பட்டம் பெற்ற அவர், 1913இல் பரோடா மன்னரின் உதவிச் சம்பளத்துடன் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். பொருளாதாரமே அவருக்கு முதன்மைப் பாடம். எனினும், தத்துவப் பேராசிரியர் ஜான் டூயியின் வகுப்புகளிலும் பயின்றார். ஒரு நம்பிக்கையை ஏற்குமுன், அதற்குரிய ஆதாரங்களையும் அதனால் விளையும் முடிவுகளையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும் என்பது டூயியின் கொள்கை.

அப்பயிற்சியின் பயனை 1936இற் காண்கிறோம். லாகூர் மாநாடொன்றிற்குத் தலைமையுரையாகச் சாதி ஒழிப்பைப் பற்றி அவர் எழுதியதில் சில பகுதிகளை நீக்குமாறு அமைப்பாளர் வேண்டினர். அவர் இசையவில்லை, மாநாடு நின்றது. தம் செலவிலேயே உரையை 1,500 படிகள் அச்சிட்டார். டூயி தம் ஆசிரியர் என்பதையும், அவருக்குத் தாம் பெரிதும் கடமைப்பட்டிருப்பதையும் அதிற் குறித்தார். காந்தியடிகள் ‘அரிஜன்’ இதழில் அவ்வுரையை மறுத்து எழுதினார். 1937ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்மறுப்பையும் தம் விடையையும் சேர்த்தே வெளியிட்டார் அம்பேத்கர். இரு தரப்பையும் படித்துத் தீர்மானிக்கும் பொறுப்பு வாசகருடையதாயிற்று.

விமரிசனம் என்றால் குறை கூறுதல் என்றே பலர் கொள்கின்றனர். எதிர்த் தரப்பைச் சிதைக்காமல் எடுத்துக்காட்டி, அதன்பின் விடை கூறுவதே விமரிசனம் என்பதை இந்நிகழ்ச்சி விளக்குகிறது அன்றோ?

தாராவியிலும் செம்பூரிலும், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி செல்லும் தமிழ் மாணவர் பலர் உளர். வினாவிடைக் குறிப்புகளை மனனம் செய்தால் அவர்களுக்குப் பட்டம் கிடைத்துவிடும். ஆனால், குடியிருப்பைப் பற்றியோ கடனைப் பற்றியோ ஒரு படிவம் வீட்டுக்கு வரும்போது, “இதற்கு ஆதாரம் என்ன? ஒப்பமிட்டால் விளைவது என்ன?” என்று கேட்கும் துணிவை அக்குறிப்புகள் தரமாட்டா. வீட்டார் அனைவரும் அம்மாணவரின் முகத்தையே நோக்கி நிற்கும் வேளை அது.

ஆதலின், ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் தம் கருத்தை எழுதுமுன், அதற்கு மாறான கருத்தை நடுநிலையோடு ஒரு பக்கம் எழுதச் செய்யுங்கள். இதற்குப் புதிய பாடநூல் எதுவும் வேண்டுவதில்லை. வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினாற் போதும்.