கல்லீரலில் ஒரு ரெகுலேட்டர்



"அப்பாவுக்கும் கணக்கு வராது சார். எனக்கு ஜீன்லயே இல்ல" என்றான் என் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். மரபியலை நான் நடத்திய விதம் அப்படி! மறுநாள் நார்வே நாட்டு சால்மன் மீனை வகுப்புக்குள் கொண்டுவந்தேன்.

1990இல் அங்கே கடல் கூண்டுகளில் வளர்ந்த சால்மனின் தீவனத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு மீன்தூளும் மீனெண்ணெயும்தான். இன்று பெரும்பகுதி சோயா, கடுகினத் தாவர எண்ணெய் போன்றவை. அந்த எண்ணெயில் உள்ள ஒமேகா-3 அமிலத்தில் 18 கார்பன்களே உண்டு. மீனின் உடலுக்கோ 20, 22 கார்பன் கொண்டவை வேண்டும். தாவர எண்ணெய் தின்ற சால்மனின் கல்லீரலில், அவற்றை உருவாக்கும் நொதிகளுக்கான ஜீன்களிலிருந்து ஆர்.என்.ஏ. நகல்கள் கூடுதலாக எடுக்கப்படுகின்றன. ஜீன் அதேதான்; வேலையின் அளவுதான் மாறுகிறது.

"ஃபேன் ரெகுலேட்டர் மாதிரியா சார்?" என்றான் அவனே. எனக்குத் தோன்றாத உவமை.

"அப்போ எல்லா மீனும் இப்படிச் செய்யுமா?"

செய்யாது. ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகும் சால்மனுக்கு முடிவது, கடலிலேயே வாழும் சீ பிரீம் மீனுக்கு அநேகமாக முடியாது. சால்மனிலும் ஈடு முழுமையில்லை. மீனெண்ணெயைக் குறைத்த பின் அதன் சதையில் நீள்சங்கிலி ஒமேகா-3 குறைந்தது. அதையும் மறைக்காமல் சொன்னேன். கணக்கு என்பது ஏதோ ஒரு ஜீனின் வேலையல்ல என்பதையும்தான்.