படிச்சதுக்கு டி.சி. உண்டா?

இன்னைக்கு ஸ்கார்ம், எக்ஸ்-ஏபிஐ பத்திப் பேசப் போறேன். நீங்க ஆன்லைன்ல படிச்சதுக்குக் கணக்கு வைக்கிற தொழில்நுட்பத் தரநிலைகள் இவை.

எங்க ஊர் காரைக்கால். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆனா ஒரு பக்கம் கடல், மத்த பக்கமெல்லாம் தமிழ்நாடு. புதுச்சேரிக்குன்னு தனிக் கல்வி வாரியம் கிடையாது. அதனால பல வருஷம் எங்க பள்ளிகள்ல தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம்தான். 2023-24 கல்வியாண்டுல இருந்துதான் அரசுப் பள்ளிகளோட மேல் வகுப்புகள் சிபிஎஸ்இக்கு மாற ஆரம்பிச்சது. ஆக, புத்தகம் சுலபமா எல்லை தாண்டிடும். பிள்ளை பள்ளி மாறணும்னா டி.சி.யும் மார்க் ஷீட்டும் வேணும்.

ஸ்கார்ம் தீர்த்தது புத்தகப் பிரச்சினையை. 1990-கள்ல ஒரு மென்பொருளுக்காகச் செஞ்ச பாடம் இன்னொண்ணுல ஓடாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆதரவுல 1997-ல தொடங்கின ஏடிஎல் திட்டம், 2000-ல ஸ்கார்மை வெளியிட்டது. பாடம் முழுக்க ஒரு ஜிப் ஃபைல். அதுக்குள்ள எது எங்க இருக்குன்னு சொல்ற ஒரு எக்ஸ்எம்எல் பட்டியல். ஸ்கார்ம் தெரிஞ்ச எந்த எல்எம்எஸ்லயும் அதை ஏத்தி ஓட்டலாம்.

ஓடும்போது பாடம் எல்எம்எஸ்கிட்ட என்ன சொல்லும்? முடிச்சாரா, மார்க் எவ்வளவு, எவ்வளவு நேரம், எங்க நிறுத்தினார். ஏறக்குறைய அவ்வளவுதான். இதுல 'முடிச்சார்'னா என்ன அர்த்தம்னு முடிவு பண்றது பாடம் செஞ்சவர். கடைசி ஸ்லைடு வரைக்கும் தட்டிக்கிட்டே போனா போதும்னு அவர் வெச்சிருந்தா, தூங்கி வழிஞ்சவரும் 'முடிச்சவர்'தான். அந்தக் கணக்கும் அந்த எல்எம்எஸ்லயே தங்கிடும். பாடம் ஊர் மாறும், உங்க உழைப்பு மாறாது.

2013-ல வந்த எக்ஸ்-ஏபிஐ இங்கதான் வித்தியாசப்படுது. நம்ம இலக்கணம் மாதிரி எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்: 'கவிதா, விடையளித்தார், மூன்றாம் கேள்விக்கு.' இப்படி ஒவ்வொரு செயலும் ஒரு வாக்கியம். இதையெல்லாம் சேமிக்கத் தனிக் களஞ்சியம் உண்டு, அதுக்குப் பேர் எல்ஆர்எஸ். ஆப்பை அதுக்கேத்த மாதிரி செஞ்சிருந்தா, நெட் இல்லாதப்ப போன்லயே வெச்சிருந்து அப்புறம் அனுப்பும். ஒரு களஞ்சியத்துல இருந்து இன்னொண்ணுக்கும் மாத்தலாம். டி.சி. கொடுக்க வழி இருக்கு. கொடுக்கறதும் கொடுக்காததும் நிறுவனத்தோட கையில.

ஆனா ஒண்ணு. எத்தனை தடவை தப்பா பதில் சொன்னீங்க, எந்த இடத்துல வீடியோவை நிறுத்தினீங்கன்னு டி.சி.ல யாரும் எழுத மாட்டாங்க. எக்ஸ்-ஏபிஐ அதையும் எழுதி வைக்க முடியும். நாளைக்கு வேலை கொடுக்கப் போறவர் அதைப் பார்க்கணுமா?

அதனால அடுத்த கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. என்னைப் பத்தி எதெல்லாம் பதிவாகுது? அதை யார் பார்ப்பாங்க? நான் விலகினா அது என் கைக்கு வருமா? கட்டணம் எவ்வளவுன்னு விசாரிக்கிற மாதிரியே இதையும் விசாரிக்கலாம், தப்பே இல்ல.