பெரியவர்களின் தட்டும் மூச்சும்

(தாத்தா பாட்டிகள், முதியோர் உலக நாளையொட்டி வானொலியில் ஒலித்த மறையுரை)



ஆண்டுதோறும் சூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்தினார். ஆண்டவரின் பாட்டனார் பாட்டியாரான புனித சுவக்கீன், அன்னா திருநாளை ஒட்டியே இந்த நாள் வருகிறது. இன்று பாட்டிக்குச் சேலையும் தாத்தாவுக்கு வேட்டியும் எடுத்துக் கொடுப்போம். நல்லதுதான். ஆனால் தாய் தந்தையை மதித்து நடக்கச் சொல்லும் நான்காம் கட்டளை துணிமணியோடு முடிந்துவிடுமா? அவர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்று பார்ப்பதும் அந்தக் கட்டளைக்குள் அடங்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள் உண்டு. பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் எடுக்கும் தொழிற்கூடங்களும் உண்டு. நம்மில் பலர் வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கூலியால்தான். அதை மறந்து பேசக்கூடாது. அதே ஆலைப் பகுதியின் தூசியைத்தான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நம் பெரியவர்களும் சுவாசிக்கிறார்கள்.

ஈயம் உடலுக்குள் போனால் பெரும்பகுதி எலும்பில் தங்கிவிடும். அங்கே பல ஆண்டுகள் இருக்கும். வயதாகி எலும்பு தேயும்போது, மறுபடியும் இரத்தத்தில் கலக்கும். இளமையில் சேர்ந்த நஞ்சு முதுமையில் இரத்த அழுத்தமாகவும் சிறுநீரகக் கோளாறாகவும் தலைகாட்டலாம்.

இதற்கு உணவு ஓரளவு கேடயம். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சுகிறது. வெறும் வயிறும் அப்படித்தான். ஆகவே பெரியவர்களுக்குக் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, மோர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, ஒரு நெல்லிக்காய் கொடுங்கள். கீரையில் தூசி படிந்திருக்கும், பலமுறை அலசுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டுதல் என்று பட்டினி கிடக்கும் பெரியவர்களே, 59 வயது நிறைந்தவர்களைத் திருச்சபையே ஒருசந்திக் கடமையிலிருந்து விடுவித்திருக்கிறது. தயங்காமல் சாப்பிடுங்கள்.

ஆலையில் வேலை செய்யும் தம்பி தங்கைகளே, வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகாதீர்கள். அந்தத் துணியில் ஒட்டிய தூசி அம்மாவின் தட்டுக்கும் குழந்தையின் வாய்க்கும் போகும். குளித்து, உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

ஆனாலும் கீரை புகையை நிறுத்தாது. தானியேலும் நண்பர்களும் மரக்கறியும் தண்ணீரும் உண்டு பத்து நாளில் முகம் தெளிந்தார்கள் என்று வாசிக்கிறோம். அந்தத் தண்ணீரே கெட்டுப்போனால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன. மீனும் இறாலும் தந்த ஆறே எண்ணெய் மூடிக் கிடந்தது. காற்றும் அப்படியே. நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுச் சட்டம் 40 வரை விடுகிறது. அந்த வேறுபாட்டை முதலில் தாங்குவது வயதானவர்களின் நுரையீரலும் இதயமும்தான்.

ஏழைகளின் கூக்குரலும் பூமியின் கூக்குரலும் ஒன்றுதான் என்று 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் நமக்கு உணர்த்தினார். ஆகஸ்டு 15 அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. அன்றுதான் கிராம சபையும் கூடுகிறது. திருப்பலி முடிந்ததும் அங்கே போங்கள். எந்த நேரத்தில் புகை அதிகம், எந்தக் கிணற்றில் தண்ணீர் நிறம் மாறியது என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு படி அனுப்புங்கள். ஆலையை மூடச் சொல்லவேண்டாம்; புகை வடிகட்டியை இரவிலும் ஓட்டச் சொல்வோம். வேலையும் வேண்டும், மூச்சும் வேண்டும். இரண்டையும் கேட்பது பேராசை ஆகாது.

கோவிலில் இருந்து கடவுளைத் தொழுத கைம்பெண் அன்னா, 84 வயதிலும் குழந்தை இயேசுவைக் கண்டு மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். நம் வீட்டுப் பெரியவர்களும் பேரப்பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லித்தர, மூச்சு வாங்காமல் ஒரு செபமாலை சொல்லி முடிக்க, இறைவன் அருள்புரிவாராக. அதற்கு நம் கைகளையும் அவர் பயன்படுத்துவாராக. ஆமென்.